எல்லம்மாளின் நாலாவது சீதபேதி

1961, ஐப்பசி. புதன்கிழமை, காலை 5.40.

சாம்பல் போட்ட மண்சட்டியை வெளியே எடுத்துவந்த பவளம், வெளிச்சத்தில் அதைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டியில் சளியும் ரத்தமுமாக இருந்தது. உள்ளே அவளுடைய மாமியார் எல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். ஆடியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை, புரட்டாசியில் ஒரு தடவை. இது நாலாவது. நல்ல உடம்பாக நடமாடிய மனுஷி நாலே மாதத்தில் பாயோடு பாயாகிவிட்டாள். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள் என்று உத்திரமேரூர் டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார்.

காலை 7.00. செங்கல்பட்டு போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் பவளம் சேதி சொல்லி அனுப்பினாள். பகல் 12.20க்கு எல்லம்மாளின் மகன், பவளத்தின் புருஷன், வந்து சேர்ந்தான். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

மகன் என்றால் சாதாரண மகன் இல்லை, ஏட்டு வேதாசலம். புள்ளலூர்க் களத்தில் நெல் மூட்டை களவு போனபோது, வண்டித் தடத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஆழமாகப் பதிந்திருப்பதைப் பார்த்தே திருடனைப் பிடித்தவன். அந்த ஒரு வழக்கை அவன் சொல்லாத கல்யாணப் பந்தி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கையில் கடிகாரம், சட்டைப் பையில் கையகல நோட்டு, காதில் பென்சில். எதையும் நேரம் போட்டு எழுதிவிடுவான். எழுதாதது நடக்கவில்லை என்பது அவன் கட்சி.

தாயிடம் அவனுக்கு உயிர். வேலை வெளியூரில் என்பதால் மாதத்துக்கு ஒரு தடவைதான் வரமுடியும். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவான். இருக்கிற ஒன்றரை நாளும் தாய்க்குச் செய்கிற வேலையை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டான். அடுப்பு மூட்டி, தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, பதமாக விளாவி, சுண்டுவிரலால் சூடு பார்த்து, தலையைத் தாங்கிப் புகட்டுவான். மாத்திரையை எண்ணி வாயில் போடுவான். துணியைக்கூடத் தானே அலசுவான். பெற்ற தாய்க்குச் செய்வதில் என்ன வெட்கம் என்பான். தெருவே அவனைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

அன்று பகல் 12.45க்கு வேதாசலம் நோட்டைப் பிரித்தான்.

ஆடியில் வந்ததை அவன் சேர்க்கவில்லை. அந்த மாதம் புதுத் தண்ணீர் வந்ததும் ஊரில் பாதிப் பேருக்கு வயிறு போயிற்று. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கவேண்டும், மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான். மற்ற மூன்றும் இப்படி இருந்தன. ஆவணி: திங்கள் கிளம்பினேன், புதன் கண்டது. புரட்டாசி: திங்கள் கிளம்பினேன், வியாழன் கண்டது. ஐப்பசி: திங்கள் கிளம்பினேன், புதன் கண்டது.

அவன் வீட்டில் இருக்கிறவரை தாய் சுகமாக இருக்கிறாள். அவன் பஸ் ஏறி இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடுகிறாள். அந்த நாட்களில் வீட்டில் இருப்பது ஒரே ஒருத்தி. ஏட்டின் மூளை அதோடு நிற்கவில்லை, காரணத்தையும் தேடி எடுத்தது. கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. மகனுக்கு ஏனாத்தூரில் இரண்டாவது பெண் பார்க்கலாமா என்று எல்லம்மாள் சித்திரையில்தான் வாய்விட்டுக் கேட்டிருந்தாள். பவளத்தின் காதில் படும்படியே கேட்டிருந்தாள்.

பகல் 1.10. முதல் சாட்சி பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாள். ஊரில் எந்த வீட்டுக் குழம்பில் உப்பு குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"இன்னா பாத்தே?"

"நா இன்னாத்த பாத்தேன் தம்பி, வெளக்கு வெக்கற நேரம். ஒம் பொண்டாட்டி அம்மியாண்ட குந்திக்கினு வெள்ளையா எதையோ நுணுக்கிக்கினு இருந்தா."

"அப்புறம்?"

"கஞ்சியில போட்டுக் கலக்கினா. என்னெப் பாத்ததும் முந்தானையால மூடிட்டா."

"எத்தினி நாளு?"

"நா பாத்தது மூணு நாளு. பாக்காதது எத்தினி நாளோ."

இரண்டாவது சாட்சி தாய். மருமகள் கொடுக்கிற கஞ்சி சிலநாள் கசக்கிறது என்று எல்லம்மாள் மெதுவாகச் சொன்னாள். அதோடு, தண்ணீர் கேட்டால் ராத்திரி வைத்த பழைய தண்ணீரை ஜில்லென்று கொடுக்கிறாள் என்றும் சொன்னாள். நோயாளிக்குப் பழைய தண்ணீர் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று அவள் கண் கலங்கியபோது வேதாசலத்துக்கு ரத்தம் கொதித்தது.

பகல் 1.50. பவளத்தைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினான். ஸ்டேஷனில் கேட்கிற குரலிலேயே கேட்டான்.

"ராத்திரி வெச்ச தண்ணியையா குடுக்கறே?"

"ஆமா. காய வெச்சி, மூடி வெச்சி, ஆறினப்புறம் குடுக்கறேன். தண்ணி விஷயத்த நா முன்னாடியே சொன்னேன். நீங்க காதுல போட்டுக்கல."

"கஞ்சியில இன்னா கலந்தே?"

"டாக்டரு குடுத்த மாத்திரை."

"பொய் சொல்லாத. மாத்திரையை எங்கம்மா முழுசாவே முழுங்கறாங்க. என் கண்ணால பாத்துக்கினு கீறேன்."

பவளம் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லம்மாள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் பவளம் வாய் திறக்கவில்லை.

வேதாசலம் வீட்டைச் சோதனை போட்டான். உறியில் தொங்கிய மேல்சட்டிக்குள் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் வெள்ளைத் தூள். அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவன் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிக் காட்டினான்.

"எங்கம்மாவுக்கு இவ வெச்ச வெஷம் இதான்" என்றான்.

காக்கிச் சட்டை போட்ட ஒருவன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் அதற்குமேல் தீர்ப்பு வேறு எதற்கு? தெரு தலையை ஆட்டிற்று.

பிறர் வீட்டு வழக்காக இருந்தால் அந்தத் தூளை அன்றைக்கே பரிசோதனைக்கு அனுப்பியிருப்பான். சொந்த வீட்டு மானம் கோர்ட் ஏறவேண்டாம் என்று அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். நாலு மைலில் இருக்கிற டாக்டரிடம் காட்டியிருந்தாலும் போதும். பிற்பாடு எத்தனையோ தடவை அதை நினைத்து அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

சாயங்காலம் 4.30க்குப் பவளத்தைப் பஸ் ஏற்றித் திருமுக்கூடலுக்கு, அவள் அப்பன் வீட்டுக்கு, அனுப்பிவைத்தான். மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளாமல் அவள் போனாள்.

பத்து நாள் லீவு போட்டுவிட்டு வேதாசலம் தாய்க்கு முன்னால் உட்கார்ந்தான். விஷம் வைத்த கை போய்விட்டது, இனி தாய் எழுந்து நடப்பாள் என்று நம்பினான். ஒரு கைதியைக் காவல் காப்பதுபோல ஒவ்வொரு வாய்க்கும் நேரம் போட்டு எழுதினான். வியாழன், 6.10 தண்ணீர் கொதித்தது. 6.13 ஒரு தம்ளர் குடித்தார்கள். 6.20 மாத்திரை நாலு. 8.00 கஞ்சி. 11.30 தண்ணீர் கொதித்தது. 11.34 அரைத் தம்ளர். வெள்ளி, சனி, ஞாயிறு, இப்படியே நாலு பக்கம் எழுதினான்.

எல்லம்மாள் எழவில்லை. வெள்ளியன்று ஒன்பது தடவை போயிற்று. சனியன்று பதினோரு தடவை. ஞாயிற்றுக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டான். கண் குழிந்து, நாக்கு வறண்டு, கையைத் தூக்கினால் தோல் மட்டும் வருவதுபோல இருந்தது. ஆனாலும் அவன் தண்ணீர் புகட்டும்போது அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ஒங்கையால குடிச்சாத்தான் தண்ணி எறங்குது நைனா" என்பாள்.

அவனுக்கோ உள்ளுக்குள் ஒரு முள் குத்த ஆரம்பித்திருந்தது. பவளம் போய் ஐந்து நாள் ஆகிறது. அவள்தான் காரணம் என்றால் வியாதி இறங்கவேண்டும், ஏறுகிறதே. களவாளியை லாக்கப்பில் போட்டபிறகும் அதே வீட்டில் களவு போனால், பிடித்தது தப்பான ஆளை என்று அர்த்தம். இது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை, காலை 7.30. டாக்டர் அனுப்பி நர்ஸ் மேரி வந்தாள். நாற்பது வயதுக்காரி, கையில் தோல்பை. வெயிலானாலும் மழையானாலும் சுற்றுக் கிராமங்களுக்கு நடந்தே வருகிறவள், யாருக்கும் பயந்து பேசமாட்டாள். எல்லம்மாளுக்கு ஊசி போட்டுவிட்டு, ஈரப் பாயை மாற்றுவதற்காகக் கிழவியைப் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டய்யா, இங்க வந்து பாருங்க. செவுத்துல இன்னா கீது?"

பாயை ஒட்டிய மண்சுவரில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பு முழுக்க வெள்ளை மாத்திரைகள், பாதி கரைந்தும் கரையாமலும் திணித்துக் கிடந்தன. வேதாசலம் நோண்டி எடுத்து எண்ணினான். முழுசாக இருந்தவை மட்டும் இருபத்தெட்டு. அத்தனையும் அவன் கையால் தாயின் வாயில் போட்டவை.

"இன்னாம்மா இது?"

எல்லம்மாள் திருடியைப்போல விழித்தாள். "தொண்டையில நின்னுக்குது நைனா. நீ ஆசையா குடுக்கறே. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

வேதாசலம் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துவந்தான். மேரி ஒரு மாத்திரையை நகத்தால் சுரண்டி, தூளையும் அதையும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். கெயவி மாத்திரையைத் துப்பிடுதுன்னு ஆவணியிலயே பவளம் என்னாண்ட வந்து சொல்லிச்சி. நுணுக்கிக் கஞ்சியில கலந்துடு, தெரியாம ஒளிச்சி வையின்னு நாந்தான் சொன்னேன்."

"இத ஏன் என்னாண்ட சொல்லல?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

அவன் கேட்கவில்லை. மூன்று சாட்சிகளைக் கேட்டான், நாலாவது சாட்சியை விட்டுவிட்டான். பவளம் குற்றவாளி இல்லை. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் வழக்கு அதோடு முடியவில்லையே. மாத்திரை உள்ளே போகாததால் வியாதி ஆறவில்லை, சரி. மாமியாருக்குத் தெரியாமல் பவளம் மாத்திரை கொடுத்து இரண்டு தடவை தேற்றியிருக்கிறாளே, தேறிய உடம்பில் புதிதாக வியாதியைக் கொண்டுவந்து வைத்தது யார்?

மேரி கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள். முதலில் அவன் பஸ் ஏறிய நாட்களைப் பார்த்தாள்.

"இது வயித்துக்குள்ள போன ஒடனே வேலை காட்டாது ஏட்டய்யா. ரெண்டு நாளு மூணு நாளு ஆவும்."

வேதாசலம் விரல் விட்டான். புதனிலிருந்து பின்னால் போனால் திங்கள், ஞாயிறு. அந்த நாட்களில் பவளத்தை அவன் தாயிடம் அண்டவிட்டதே இல்லை.

மேரி பக்கத்தைப் புரட்டினாள். வியாழக்கிழமைப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"உங்க வூட்ல கொதிக்கற தண்ணி மூணு நிமிஷத்துல ஆறிடுமா?"

அவன் பார்வை அடுப்பு மூலைக்குப் போயிற்று. அங்கே, குளத்தங்கரைக் கிணற்றிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பானை இருந்தது. அதன்மேல் அவன் விளாவுவதற்கு மொள்ளுகிற சொம்பு.

சாட்சி இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத மனுஷன் அவன். காலை 8.05க்கு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். தண்ணீர் வாயில் வைக்கிற பதத்துக்கு வந்தபோது மணி 8.50. நாற்பத்தைந்து நிமிஷம். நோட்டிலோ ஒவ்வொரு தம்ளருக்கும் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். மிச்சச் சூட்டை ஆற்றியது பானைத் தண்ணீர்.

"அந்தப் பானைத் தண்ணியத்தானே காய்ச்சச் சொன்னாரு டாக்டரு" என்றாள் மேரி. "காய்ச்சினதுல பச்சைத் தண்ணி ஊத்தினா, காய்ச்சாததும் காய்ச்சினதும் ஒண்ணுதான்."

"நானும் அதத்தானே குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் வரலியே."

"ஒடம்புல தெம்பு கீறவங்களுக்கு ரெண்டு நாளு வயிறு இளகும், மாங்கா தின்னதாலன்னு நெனைச்சிக்குவாங்க. ஏற்கனவே புண்ணாப் போன வயிறு தாங்குமா?"

வெந்நீர் என்றால் விளாவித்தானே கொடுப்பது. அவன் தாய் அவனை அப்படித்தான் குளிப்பாட்டினாள், அப்படித்தான் குடிக்கக் கொடுத்தாள். கொதிக்கிறதை அப்படியே கொடுத்தால் வாய் வெந்துவிடும், ஆறவைத்துக் கொடுத்தால் பழைய தண்ணீர் ஆகிவிடும். விளாவுவது ஒரு செயலென்றே அவன் நினைத்ததில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதுகிற நோட்டில் அது மட்டும் இல்லை.

மேரியைத் தாய்க்குக் காவலாக விட்டுவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு பகல் 11.15க்குத் திருமுக்கூடல் போய்ச் சேர்ந்தான். மாமனார் பச்சமுத்து களத்துமேட்டில் இருந்தார். அவனைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றார். பவளம் கொல்லைப்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வேதாசலம் உட்காரவில்லை. மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல நின்றபடி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். சுவர் வெடிப்பில் இருந்த மாத்திரை, பொட்டலம், மூன்று நாள் கணக்கு, நாற்பத்தைந்து நிமிஷம்.

"குத்தவாளி நாந்தான், மாமா. எங்கம்மாவுக்கு மாசா மாசம் வந்து நாந்தான் வியாதியக் குடுத்துட்டுப் போயிருக்கறேன். இவ காப்பாத்திக்கினு இருந்தா. நா இவளை வெரட்டினேன்."

பச்சமுத்து மகளைப் பார்த்தார். பவளம் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆவணியில ஒரு தரம் சொன்னேன்" என்றாள். "பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, நர்சம்மா கூடாதுன்னாங்கன்னு. எங்கம்மாவுக்குத் தண்ணி வெக்க நீ எனக்குச் சொல்லித் தர்றியான்னு கேட்டீங்க."

கேட்டான். இப்போது அவள் சொல்லும்போது அவனுக்கு நன்றாகவே நினைவு வந்தது. அடுப்பு ஊதிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டான். அதையும் அவன் நோட்டில் எழுதவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அத்தையாண்ட இப்ப யாரு கீறாங்க?"

"மேரியம்மா."

"அவங்களுக்கு இன்னும் நாலு ஊரு போவணும்" என்று சொல்லி, பவளம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அவன்மேல் இரக்கப்பட்டு அவள் வரவில்லை. கிழவியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான். வேதாசலம் அதைப் புரிந்துகொண்டான். சைக்கிளில் ஏறச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கார்த்திகை பாதியில் எல்லம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். மார்கழி பிறந்தபோது கோலைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். ஐந்தாம் தடவை வரவே இல்லை. ஆனால் பவளம் கையால் எதையும் வாங்கமாட்டேன் என்று முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆகவே தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்பதும், மாத்திரையை நுணுக்கிக் கலப்பதும் பவளம். ஏந்திப் போய்க் கொடுப்பது வேதாசலம். லீவை நீட்டிக்கொண்டு ஒரு மாதம் அப்படிச் செய்தான். அவன் போனபிறகு அந்த வேலைக்கு மேரி வந்தாள், டாக்டரே ஒருநாள் வந்தார்.

தாயிடம் அவன் உண்மையைச் சொல்லாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எல்லம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு அவன் கன்னத்தைத் தடவினாள். பெற்ற பிள்ளை கொடுத்த தண்ணீர் விஷமாகுமா, பைத்தியக்காரா என்று சிரித்தாள்.

தை மாதம் ஊருக்கு வந்தபோது, பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் 5.20க்கு, அதே வாசலில் தெருக்காரர்களைக் கூட்டினான். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நின்றான். அன்றைக்குச் சொன்னது தப்பு, விஷம் ஒன்றும் இல்லை, தப்புச் செய்தது தான்தான் என்று தண்ணீரின் கதையை முதலிலிருந்து விளக்கினான். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

ஆண்டாளம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நல்ல மனசு தம்பி ஒனக்கு. கட்டினவளக் காப்பாத்த எவன் இப்பிடித் தன் தலைமேல போட்டுக்குவான்?"

கூட்டம் கலைந்தது. வேதாசலம் உள்ளே வந்தான். பவளம் வாசலுக்கு வரவே இல்லை, அடுப்பங்கரையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்கவும் இல்லை. அவனாகவே சொன்னான்.

"யாரும் நம்பல பவளம்."

முறத்தை ஒரு தரம் தட்டிவிட்டு அவள் சொன்னாள்:

"அன்னிக்கு ஒரே வார்த்தைதான் சொன்னீங்க. அத்தினி பேரும் நம்பினாங்க."